முதலில் யாரிடம் சொன்னாய்?

நோயாளியிடம் வரலாறு கேட்கக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் கற்றேன். கேட்டதை எப்படிச் சலித்துப் பார்ப்பது என்பதை ஆவி ஆராய்ச்சிக்காரர்களிடம்தான் கற்றேன். இதைச் சொன்னால் சக மருத்துவர்கள் சிரிப்பார்கள். மாநாட்டுத் தேநீர் இடைவேளையில் "என்ன சார், அடையாறு எப்படி இருக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் அக்கறை கால் பங்கு, கிண்டல் முக்கால் பங்கு. பணிக்காலத்தின் பிற்பகுதியை மாவட்ட மனநலத் திட்டத்தில், கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் கழித்தவன் நான். அந்தக் கிண்டலுக்கு இப்போது நிதானமாகப் பதில் சொல்லலாம் என்று தோன்றுகிறது. நோயாளிகளின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

எங்கள் ஊர் திருக்கோவிலூர்ப் பக்கம். அப்பா சன்மார்க்கி. வீட்டில் புலால் கிடையாது, தைப்பூசத்துக்கு வடலூர் ஜோதி தரிசனம் தவறாது. அங்கிருந்து மேட்டுக்குப்பத்துக்கு நடை. 1874 ஜனவரி 30 அன்று வள்ளலார் அங்கே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. 1906-இல் வெளிவந்த தென்னாற்காடு மாவட்ட கெசட்டியரில்கூட இந்தச் செய்தி இருக்கிறது. அப்பா சொல்லும் கதைக்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு. தனக்குப் பிறகு ருஷ்யாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வந்து சகோதரத்துவத்தைப் பரப்புவார்கள் என்று வள்ளலார் முன்பே சொல்லிவைத்தாராம். அப்படியே, பிரம்மஞான சபையை நிறுவிய பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் வந்து இறங்கினார்களாம்.

எண்பதுகளில் கீழ்ப்பாக்கத்தில் மேற்படிப்புப் படித்தபோது, விடுப்புக் கிடைத்தால் அந்தச் சபையின் அடையாறு நூலகத்துக்குப் போய்விடுவேன். அங்கிருந்த பெரிய ஆலமரத்தில் தாய்மரம் அப்போது நின்றுகொண்டிருந்தது. 1989 புயலில்தான் சாய்ந்தது. அப்பாவின் கதைக்கு மூலம் அங்கே கிடைத்தது. வள்ளலாரின் தலைமாணாக்கர், மாநிலக் கல்லூரித் தமிழாசிரியர் தொழுவூர் வேலாயுத முதலியார் சபைக்குக் கொடுத்த வாக்குமூலம் அது. ஆண்டு 1882. சபை நியூயார்க்கில் தொடங்கியது 1875-இல், நிறுவனர்கள் பம்பாய்க்கு வந்தது 1879-இல். அதாவது, யார் வரப்போகிறார்கள் என்று சொன்னதாகக் கூறப்படும் வாக்கு, அவர்கள் வந்து சேர்ந்த பிறகே எழுத்தில் ஏறியிருக்கிறது. அதுவும் அவர்களிடமே சொல்லப்பட்டு. முதலியார் பொய் சொல்லக்கூடியவர் என்று நான் நினைக்கவில்லை. நினைவு தன்னைத் திருத்திக்கொள்ளும், கேட்கிறவர் எதை விரும்புகிறார் என்று பார்த்துத் திருத்திக்கொள்ளும். திருத்தியது உடையவருக்கே தெரியாது. அப்பாவிடம் சொன்னேன். "படிச்ச புத்தி தேதியத்தான் பாக்கும்" என்றார்.

உண்மைதான். என் தொழிலே தேதி பார்ப்பதுதான்.

அதே அடையாற்றில் இன்னொருவரையும் படித்தேன். 1884 செப்டம்பரில், சபையின் வீட்டு நிர்வாகம் பார்த்த கூலோம்ப் தம்பதி கொடுத்த கடிதங்களைச் சென்னைக் கிறித்துவக் கல்லூரி இதழ் வெளியிட்டது. அம்மையார் காட்டிய அற்புதங்கள் எல்லாம் ஏற்பாடு செய்யப்பட்டவை என்பது அந்தக் கடிதங்களின் சாரம். லண்டனில் 1882-இல் தொடங்கியிருந்த ஆவியுலக ஆராய்ச்சிச் சங்கம் ரிச்சர்ட் ஹாட்ஸன் என்ற இளைஞரை அனுப்பியது. டிசம்பரில் வந்தார். அம்மையாரின் குருமார்கள் எனப்பட்ட மகாத்மாக்களின் கடிதங்கள் தோன்றியதாகச் சொல்லப்பட்ட அறையை அளந்து வரைபடம் போட்டார். எந்தச் சாட்சி எங்கே நின்றார், எதைக் கண்ணால் பார்த்தார், எதைப் பிறர் சொல்லிக் கேட்டார் என்று தனித்தனியாக விசாரித்தார். 1885 அறிக்கை அம்மையாரை ஏமாற்றுக்காரர் என்று தீர்த்தது. நூறாண்டு கழித்து, 1986-இல், அதே சங்கத்தின் இதழில் வெர்னன் ஹாரிசன் என்ற கையெழுத்து நிபுணர் ஹாட்ஸனின் அறிக்கையைக் கடுமையாகக் குறை சொன்னார். நான் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஹாட்ஸன் பின்னாளில் பாஸ்டனுக்குப் போய், பைப்பர் என்ற ஆவி ஊடகப் பெண்மணியைப் பல ஆண்டுகள் சோதித்து, கடைசியில் நம்பிக்கைக்காரராகவே ஆகிவிட்டார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஆள் ஒருவர், முறை ஒன்று, தீர்ப்பு இரண்டு. முறை நேர்மையாக இருந்தால் தீர்ப்பு நம் கையில் இருக்காது.

மனநல மருத்துவர்களுக்கு இந்தப் பக்கம் அந்நியம் என்பது போல இன்று பேசுகிறோம். யுங் 1902-இல் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது ஆவி பேசிய தன் உறவுக்காரப் பெண்ணை. ஃப்ராய்ட் 1912-இல் நனவிலி பற்றி ஒரு கட்டுரையை அந்த லண்டன் சங்கத்தின் இதழுக்குத்தான் எழுதிக் கொடுத்தார். நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்கும் இல்லாத குரல் கேட்குமா, இல்லாத உருவம் தெரியுமா என்று முதன்முதலில் பெரிய அளவில் கணக்கெடுத்ததும் அதே சங்கம்தான்: 1894-இல் 17,000 பேர், ஏறத்தாழ பத்தில் ஒருவர் ஆம் என்றார்கள். கணவனை இழந்த பெண் ஒருத்தி "ராத்திரி திண்ணையில அவரு இருமுற சத்தம் கேக்குதுங்க" என்று பயந்து வந்தால், நான் மாத்திரை எழுதாமல் உட்காரவைத்துப் பேசுவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். இன்னொரு காரணம், வேல்ஸ் நாட்டில் டாக்டர் ரீஸ் 1971-இல் வெளியிட்ட ஆய்வு. துணையை இழந்த 293 பேரில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு அந்த அனுபவம் இருந்தது. பெரும்பாலோர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

இனி இயான் ஸ்டீவன்சன். 1918-இல் மாண்ட்ரியாலில் பிறந்தவர். அம்மாவுக்குப் பிரம்மஞானத்தில் ஈடுபாடு. வீட்டில் அந்த நூல்கள் நிறைய. நெஞ்சுச்சளியில் அடிக்கடி படுத்த பிள்ளை அவற்றைப் படித்தே வளர்ந்தது. பின்னாளில் தன் நாட்டம் அங்கிருந்து வந்ததாக அவரே எழுதினார். 1957-இல், நாற்பது வயதுக்குள், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மனநலத் துறைத் தலைவர். 1961-இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார், முற்பிறவி நினைவு இருப்பதாகச் சொல்லும் குழந்தைகளைத் தேடி. 1966-இல் வெளிவந்த அவருடைய இருபது நிகழ்வுகளின் தொகுப்பில் ஏழு இந்தியாவிலிருந்து, மூன்று இலங்கையிலிருந்து. செராக்ஸ் பொறியைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன் பணம் கொடுத்தார். ஸ்டீவன்சன் துறைத் தலைமையை விட்டுவிட்டு முழுநேரமும் இதில் இறங்கினார். 2007-இல் இறக்கும்போது அவரிடம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்வுகள் சேர்ந்திருந்தன.

அவருடைய முடிவுகளை ஏற்காதவர்கள் ஏராளம். மொழிபெயர்ப்பாளரை நம்பினார், இரு குடும்பங்களும் சந்தித்துப் பேசிய பிறகே பெரும்பாலும் போய்ச் சேர்ந்தார், வழிகாட்டும் கேள்விகள் கேட்டார் என்பன குற்றச்சாட்டுகள். இதில் சுவையானது, இந்தப் பலவீனங்களை முதலில் பட்டியலிட்டதே அவர்தான் என்பது. குழந்தை சொன்னதை, சரிபார்ப்பதற்கு முன்பே யாராவது எழுதிவைத்திருக்கிறார்களா என்று தேடித் தேடிப் பார்த்தார். அப்படிப்பட்டவை மிகச் சில. மற்றதெல்லாம் பொருந்திய பிறகு நினைவுக்கு வந்தவை. நான் அவரிடம் எடுத்துக்கொண்டது மறுபிறவியை அல்ல, அந்தத் தேடலை. எந்த நோட்டில் நோயாளி வரலாறு எழுதினாலும் இடது ஓரத்தில் ஒரு கோடு போட்டு, "முதலில் யாரிடம், எந்த நாளில் சொன்னது?" என்று எழுதும் பழக்கம் அப்படி வந்தது.

அது மலையில் எப்படிப் பயன்பட்டது என்பதுதான் விஷயம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டினால் ஏற்றம். மேலே வெள்ளிமலை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடிகள். சாமை, தினை, கடுக்காய், புளி, இப்போது மரவள்ளி. நாடு விடுதலையாகி வெகுகாலம் கழித்து, 1976 வரை, ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை. அங்கே முகாம் போட்டால் முதலில் வலிப்புக்காரர்கள் வருவார்கள், பிறகு தூக்கம் இல்லாதவர்கள், கடைசியில், வண்டி கிளம்பும் நேரத்தில், பேய் பிடித்தவர்கள். கூட்டம் கலையட்டும் என்று காத்திருப்பார்கள்.

அப்படி வந்த ஆண்களில் பெரும்பாலோரைப் பேய் பிடிக்கவில்லை, சாராயம் விட்டிருந்தது. நாற்பது வயதிருக்கும் ஒருவரை ஜீப்பின் பின்சீட்டில் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்தார்கள். கையில் பூசாரி கட்டிய கறுப்புக் கயிறு. உடம்பெல்லாம் வேர்வை. விரல்கள் நடுங்கிக்கொண்டே சட்டையிலிருந்து எதையோ ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டன. "செவுத்து மேல சின்னச் சின்ன ஆளுங்க போறானுங்க, வெரட்டுங்க" என்றார். சுடுகாட்டுப் பக்கம் போனதில் பிடித்துக்கொண்டது என்றார் அம்மா.

"கடைசியா எப்பம்மா குடிச்சாரு?"

"அவன் மூணு நாளா தொடவே இல்லீங்க சாமி. நல்லாத்தான் இருந்தான்."

"ஏன் தொடல?"

"போலீசு வந்து ஊறலு எல்லாத்தையும் கொட்டிட்டுப் போயிட்டாங்களே."

பல வருடம் நாள் தவறாமல் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டாம் மூன்றாம் நாளில் இந்தக் குழப்பநிலை வரும். குட்டி மனிதர்கள், பூச்சிகள், எலிகள் தெரிவது இதில் அடிக்கடி காணும் அடையாளம். கவனிக்காவிட்டால் உயிர் போகும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் ஊசி, நடுக்கத்துக்கு லோராசிபாம், இருட்டறை வேண்டாம், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில். நாலைந்து நாளில் அந்த ஆள் எழுந்து உட்கார்ந்து, யார் தன்னைக் கட்டியது என்று கோபித்துக்கொண்டார். சுடுகாட்டுக்குப் போனதும் உண்மைதான். ஆனால் அது எந்த நாள் என்று அம்மாவிடமும் மனைவியிடமும் தனித்தனியே கேட்டபோது, ஏற்கெனவே நடுக்கம் தொடங்கிய பிறகு, நிலைகொள்ளாமல் அலைந்தபோது போயிருக்கிறார் என்று தெரிந்தது. காரணமாகச் சொல்லப்பட்டது விளைவு. தேதி கேட்காவிட்டால் இது புரியாது.

பூசாரியிடம் போய்ப் பேயே இல்லை என்று வாதாடவில்லை. "கயிறு கட்டுங்க பெரியவரே, வேண்டாங்கல. கட்றதுக்கு முன்னாடி எப்ப கடைசியா குடிச்சான்னு மட்டும் கேட்டுடுங்க. மூணு நாள்னு சொன்னா கயிறக் கட்டி உடனே கீழ அனுப்பிடுங்க" என்றேன். அவர் அனுப்பத் தொடங்கினார். சாராய வேட்டை என்று பேப்பரில் செய்தி வந்தால், தயமின் இருப்பைப் பார்க்கும்படி நர்ஸிடம் சொல்லும் வழக்கமும் எனக்கு வந்தது. வேட்டைக்குப் போகிறவர்கள் மருத்துவமனைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று கூட்டங்களில் சொல்லிப் பார்த்தேன், குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது வேறு: அது மெத்தனால், நேராகக் கண் நரம்பையும் உயிரையும் எடுப்பது. ஆனால் சாராயம் என்றாலே சாவுக்கணக்கு மட்டும் பேசும் நாம், ஒவ்வொரு வேட்டைக்கும் பிறகு மலையில் மூன்றாம் நாள் நடப்பதைப் பேசுவதில்லை.

பெண்கள் கதை வேறு. ஓர் இளம்பெண்ணுக்குச் செத்துப்போன மூத்த கொழுந்தனார் இறங்குகிறார் என்று வந்தார்கள். இறங்கினால் ஆண்குரல், அதட்டல், பிறகு எதுவும் நினைவில்லை. புருஷன் ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்டப் போய் அங்கே சிறையில் இருந்தான். எப்போது தொடங்கியது? மாமியார் அமாவாசை என்றார். மாமனார் திருவிழாவுக்குப் பிறகு என்றார். தங்கையைத் தனியே கூப்பிட்டுக் கேட்டால், "ஆள் கூட்டிட்டுப் போன ஏஜென்டு அட்வான்ஸ் பணத்தத் திருப்பிக் கேட்டு ஊட்டுக்கு வந்தான் சார், அன்னிக்கு ராத்திரி" என்றாள். அந்தப் பெண்ணால் பெண்ணாக நின்று சொல்ல முடியாததை, அந்த வீட்டில் எல்லாரும் பயந்த மூத்தவரின் குரல் சொல்லிக்கொண்டிருந்தது: யாரும் வாசற்படி ஏறக் கூடாது. அவள் நடிக்கவில்லை. இலவசச் சட்ட உதவிக்கு ஏற்பாடு செய்தோம், தங்கையைக் கொஞ்ச நாள் உடன் வைத்தோம். கொழுந்தனார் வருவது குறைந்து நின்றது.

அதே ஊரில் கரியராமர் கோயில் விழாவில் அருள் வந்து ஆடுகிற அம்மாளுக்கு எந்த நோயும் இல்லை. ஊர் அழைக்கும்போது வருகிறது, தேங்காய் உடைத்ததும் போகிறது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் இதையேதான் சொல்கிறது: சமூகம் ஏற்ற சடங்குக்குள் நடப்பது நோய்க்கணக்கில் சேராது. கோயிலையும் மருத்துவத்தையும் எதிரெதிராக நிறுத்துவோருக்கு இரண்டு செய்திகள் சொல்வேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்ட 28 பேர் தீயில் கருகினார்கள். மறு ஆண்டே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, தென் தமிழகத்தில் முத்துசாமி கோயிலில் சராசரி ஆறு வாரம் தங்கிய 31 பேருக்கு நோய்க்குறி அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்ததைப் பதிவுசெய்தது. மந்திரம் தந்திரம் ஏதும் இல்லை. தங்கினார்கள், கோயில் வேலைகளில் கூடமாட இருந்தார்கள். அற்புதம் என்று யாரும் சொல்லவில்லை, அளந்து சொன்னார்கள்.

பாம்புக்கடியில் பிழைத்த ஒரு தாத்தா சொன்னதையும் எழுதியே ஆக வேண்டும். நினைவு தப்பிக் கிடந்தபோது இரண்டு பேர் வந்து கூட்டிப் போனார்களாம். அங்கே ஒருத்தர் பெரிய நோட்டைப் புரட்டிப் பார்த்து, "இவன் இல்லடா, பக்கத்து ஊருக்காரன்" என்று திட்டித் திருப்பி அனுப்பினாராம். ஸ்டீவன்சனும் பெங்களூர் நிம்ஹான்ஸில் பணியாற்றிய சத்வந்த் பஸ்ரிச்சாவும் 1986-இல் 16 இந்திய அனுபவங்களைத் தொகுத்தார்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வருவது இதுதான்: தூதர்கள், நோட்டு வைத்திருப்பவர், ஆள் மாறாட்டம். அமெரிக்கர்கள் ஒளியையும் சுரங்கத்தையும் பார்க்க, நம்மவர்கள் அலுவலகத்தைப் பார்க்கிறார்கள். பட்டாவில் பெயர் மாறி அலைந்த மலைக்காரருக்கு மேலுலகத்திலும் அதே தொல்லை. "தாத்தா, இத மொதல்ல யார்ட்ட சொன்னீங்க?" என்றேன். கண் விழித்ததும் பேத்தியிடம் சொன்னாராம். பேத்தியும் ஆமாம் என்றாள். அதற்கு மேல் நான் என்ன எழுத? உள்ளபடி எழுதிவைத்தேன்.

அடையாற்று வாசிப்பு கெடுதல் செய்த இடமும் உண்டு. சின்னசேலம் பக்கம், படித்த குடும்பம். பையன் காதில் குருமார்கள் பேசுகிறார்கள். அப்பா பிரம்மஞான நூல்களில் ஊறியவர். மகன் உயர்ந்த ஆன்மா, சூட்சும உடல் திறந்துகொண்டது என்று ஒன்றரை வருடம் காத்திருந்தார். என்னிடம் வந்ததும், நானும் அவற்றைப் படித்தவன் என்று கேள்விப்பட்டுத்தான். சாப்பாட்டில் விஷம் என்று பையன் பாதி உடம்பாகியிருந்தான். மகாத்மாக்கள் உண்டா இல்லையா என்று அவரிடம் நான் பேசவில்லை. "குரு இவனக் குளிக்க விடலியே, தூங்க விடலியே, அம்மா கையால சாப்பிட விடலியே சார், எந்தக் குரு இப்படிச் செய்வாரு?" என்றேன். ரிஸ்பெரிடோன் தொடங்கினோம். மனச்சிதைவில் சிகிச்சை தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் விலை கேட்கும். பேய் என்று பூசாரியிடம் போகிறவர் பூசாரி கைவிட்டதும் மருத்துவமனைக்கு வந்துவிடுகிறார். ஞானம் என்று நினைப்பவர் யாரிடமும் போவதில்லை. மலையில் பார்த்ததைவிடச் சமவெளியில் படித்த வீடுகளில்தான் தாமதத்தை அதிகம் பார்த்தேன்.

இவ்வளவுக்குப் பிறகு, "நீங்க நம்புறீங்களா சார்?" என்று கேட்பார்கள். மறுபிறவியை நம்பும் அளவுக்கு என் நோட்டில் ஒன்றும் இல்லை. ஸ்டீவன்சனிடம் நாற்பதாண்டு நோட்டுகள் இருந்தும், அவரும் நிரூபித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. செத்த பிறகு சேதி சொல்கிறேன் என்று அறுபதுகளில் ஓர் எண்பூட்டுக்குத் தான் மட்டும் அறிந்த சொல்லை வைத்துப் பூட்டிவிட்டுப் போனார். விளையாட்டுப் போலத் தெரிந்தாலும், சொல்லப்போவதற்கு முன்பே பதிவுசெய்து வைப்பது என்ற தன் விதியைத் தன் சாவுக்கும் பொருத்திய மனிதர் அவர். இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்பவர்களிடமும் எனக்கு ஒட்டவில்லை. அவர்களும் தேதி பார்ப்பதில்லை.

முகாமை இப்போது இளம் மருத்துவர் ஒருவர் பார்க்கிறார். அவருக்கு அடையாறும் தெரியாது, ஹாட்ஸனும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. என் பழைய நோட்டுகளைப் பார்த்துவிட்டு அந்த இடது ஓரக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டார். கணினியில் நிரப்பும் புதுப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லையாம். "குறிப்புகள்" என்ற இடத்தில் அடிக்கிறாராம், அங்கே 200 எழுத்துக்கு மேல் ஏறுவதில்லை என்று போனில் புலம்பினார். கட்டம் கேட்டு மேலே எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.